மகாவித்வானின் குடுமி

தென்காசிப் பக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தலுக்குப் பின்னால், தண்ணீர் அண்டாக்களுக்கு நடுவே ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்த எட்டு வயதில் செண்பகவல்லி ஒரு ஒலியைக் கேட்டாள். முதலில் காதால் கேட்கவில்லை. கை ஊன்றியிருந்த பித்தளை அண்டாவுக்குள் தண்ணீர் நடுங்கியது, அந்த நடுக்கம் உள்ளங்கை வழியே ஏறி அடிவயிற்றில் இறங்கி உட்கார்ந்தது, அப்புறம்தான் அது பந்தலுக்குள்ளிருந்து வரும் மிருதங்கத்தின் 'தொம்' என்று அவளுக்குப் புரிந்தது. வாசிப்பவர் நல்லாற்றூர் பிரணதார்த்தி ஐயர் என்று யாரோ பெரியவர்கள் சொன்னார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தண்ணீரை ஒருவர் தூரத்திலிருந்து தொட முடியும் என்பதுதான் பெரிதாகப் பட்டது.

ஐம்பது வருஷம் போனபிறகு அதே பிரணதார்த்தி ஐயரின் அதே மிருதங்கம் பட்டுத் துணியில் சுற்றி, சம்பங்கி மாலை போட்டு, மேளதாளத்தோடு அவள் மேஜைக்கு வந்தது. நல்லாற்றூரில் ஆற்றங்கரைப் பழைய கலெக்டர் பங்களாவை, வௌவால்களை விரட்டிவிட்டு, அரசாங்கமும் ஊர் சங்கீத சபாவும் சேர்ந்து இசை அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. வருகிற பொருள்களைக் கெடாமல் காப்பாற்றி, கண்ணாடிக்குள் வைக்கத் தகுந்ததாக்கித் தருவது செண்பகவல்லியின் வேலை. ஊரில் அவளைக் கெமிஸ்ட் மேடம் என்றார்கள், மருந்துக் கடைக்காரி என்று நினைத்துச் சிலர் இருமல் மருந்து கேட்டும் வந்தார்கள். அவளுடைய படிப்புக்கு ஒரே ஒரு நீதி உண்டு: ஒரு பொருளுக்கு எதைச் செய்தாலும், நாளைக்கு இன்னொருவர் வந்து திரும்ப எடுத்துவிடக்கூடியதாகச் செய். அறுக்காதே, ஒட்டி மறைக்காதே, இல்லாததை உண்டாக்காதே. இந்த நீதிக்காக அவள் ஏற்கெனவே ஒரு சண்டை போட்டிருந்தாள். ஜமீன்தார் ஒருவர் தாசியாட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய ஓவியத்தில் கரையான்கள் வேறு யாரையும் தொடாமல் ஜமீன்தாரின் முகத்தை மட்டும் தின்றிருந்தன. அந்த இடத்தில் அமைச்சருடைய தகப்பனாரின் ஜாடையில் ஒரு முகம் எழுதிவிடலாமே என்று இயக்குநர் இளவழகன் யோசனை சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். முகமில்லாத ஜமீன்தார் சுவரில் தொங்கினார், வந்தவர்கள் எல்லாரும் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

இளவழகன் இதற்கு முன் மீன்வளத் துறையில் இருந்தவர். இசையைப் பற்றித் தனக்கு எந்த முன்முடிவும் கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மிருதங்கத்தை அவள் மெதுவாகச் சுத்தம் செய்தாள். சந்தனத்தையும் குங்குமத்தையும், பூஜை போட்டுப் போட்டு ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கையும், இடது முகமான இடந்தலையில் கச்சேரிக்குக் கச்சேரி அப்பிச் சுரண்டிய ரவையின் காய்ந்த மிச்சத்தையும் மரக்குச்சியால் நீக்கினாள். காய்ந்து விறைத்த தோல் கொஞ்சம் இளகட்டும் என்று ஈரக்காற்று நிறைந்த பெட்டிக்குள் அதைச் சில நாள் வைத்தாள். வலந்தலையின் நடுவே கறுப்பு வட்டம், அதைச் சுற்றி மோதிரம்போல் ஒரு தோல் வளையம். அந்த வளையத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மயிர்க்கால்கள் நெருக்கமாக, ஒழுங்காக, நாற்று நட்ட வயல்போல் இருந்தன. அது பசு என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே ஆடு, அடுத்த பக்கம் எருமை, இழுத்துக் கட்டிய வார் எல்லாம் எருமை. எந்த மிருதங்கமும் அப்படித்தான். கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பொருளுக்கு எதனால் ஆனது என்று எழுதுவது எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் வழக்கம் என்பதால், அவளும் எழுதி, அரசாங்கமும் சபாவும் சேர்ந்து அமைத்த கமிட்டிக்குக் கொடுத்தாள்.

சபா காரியதரிசி ஆராவமுதன் அதை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது? பலாக்கட்டை, பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல்... கசாப்புக்கடைப் பலகை மாதிரின்னா இருக்கு?"

"அதுலதானே சார் செஞ்சிருக்கு."

"செய்யட்டும். யார் வேண்டாம்னா? சொல்லணும்னு என்ன இருக்கு?"

ஐயரின் மூத்த சீடர் கலியுகவரதன், எழுபது தாண்டியவர், பட்டுக்கரை வேட்டியும் ஜவ்வாது வாசனையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கண்ணை மூடிக்கொண்டார். "எங்க அண்ணா கை பட்டப்புறம் அது தோல் இல்லேம்மா. நாதம்."

"நாதத்துக்கு மயிர்க்கால் இருக்கு சார். நான் பார்த்தேன்."

இளவழகன் இரண்டு பக்கமும் பார்த்து, நடுவில் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். "பலாக்கட்டைன்னு போடுங்க. மத்ததை 'இயற்கைப் பொருட்கள்'னு போட்டுடலாம். யாருக்கும் மனசு கஷ்டப்படாது." யாருக்கும் மனசு கஷ்டப்படவில்லை. அந்த மனசுகள் எல்லாம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்த மனசுகள்.

அடுத்த வாரம் மிருதங்கத்துக்கு முடி முளைத்தது.

முதலில் பூஞ்சை என்றுதான் செண்பகவல்லி நினைத்தாள். பூஞ்சை என்றால் அது அவள் குற்றம், ஈரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், ஆகவே பயந்தாள். பஞ்சால் ஒற்றி எடுத்துப் பார்த்தாள். பூஞ்சை இல்லை, வேரோடு நிற்கும் ரோமம். குற்றம் தன்னுடையது இல்லை என்றதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கறுப்பு வட்டத்தைச் சுற்றி, வலந்தலையின் வளையம் முழுக்க, செம்பழுப்பில், ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளைத் திட்டோடு, நாளுக்கு நாள் அது அடர்ந்து வளர்ந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

அறை கூட்டும் பவுனம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"கன்னுக்குட்டிக் காது மாதிரி இருக்கு மேடம்."

"தொடாத."

"தொட்டா என்ன, முட்டவா போவுது?"

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், கதவைத் திறந்துவைத்த நேரத்தில் உள்ளே வந்துவிட்ட ஒரு ஈ அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் தோல் சுருக்கென்று சிலிர்த்தது. கட்டுத்தறியில் நிற்கும் மாடு கழுத்தையும் காதையும் அசைக்காமல் விலாவை மட்டும் சிலிர்த்துக்கொள்ளுமே, அப்படி. சிலிர்த்தபோது உள்ளே இழுத்துக்கட்டிய ஆட்டுத்தோல் அதிர்ந்து, சன்னமாக, சுத்தமாக, 'தீம்' என்று ஒரு ஒலி வந்தது.

"ஈ ஓட்டுது," என்று சொல்லிவிட்டுப் பவுனம்மா மறுபடி கூட்டப் போனாள். இந்த விஷயத்தில் கடைசிவரை அந்த ஊர்க்காரர்கள் பேசிய ஒரே உண்மை இதுதான், இதைப் பேசியவளும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இளவழகன் வந்து பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்.

"இது டேமேஜா மேடம், டெவலப்மென்ட்டா?"

"தெரியலை சார்."

"டேமேஜ்னா நான் மேல சொல்லணும். டெவலப்மென்ட்டுன்னா மேல இருக்கறவங்க வந்து பார்ப்பாங்க." சற்று யோசித்தார். "டெவலப்மென்ட்டுன்னே வெச்சுக்கலாம்."

ஆனால் விஷயம் என்ன என்று கண்டுபிடித்தவர் ஆராவமுதன்தான். அவர் அறைவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, நின்று, நடுவே பளபளவென்று கறுத்த வட்டத்தையும் அதைச் சுற்றிலும் இறங்கிய ரோமத்தையும் பார்த்து, "ஐயையோ, பெரியவர்!" என்று அலறிச் சாஷ்டாங்கமாக விழுந்தார். பிரணதார்த்தி ஐயருக்கு உச்சந்தலை வழுக்கை, சுற்றிலும் முடி, பின்னால் குடுமி. அதே தலை! சந்தேகத்துக்கே இடமில்லை! மகாவித்வான் தம் வாத்தியத்திலிருந்து மறுபடி முளைக்கிறார்!

"அவர் முடி கறுப்பாச்சே சார்," என்றாள் செண்பகவல்லி. "இது செம்பட்டையா இருக்கே."

"கறுப்புதான். வாசிச்சு வாசிச்சு உஷ்ணம் தலைக்கேறிக் கடைசியில செம்பட்டையாயிடுத்து," என்றார் கூட வந்திருந்த கலியுகவரதன். கண்ணீர் வடிந்தது. "எங்களுக்குத்தான் தெரியும். வெளில சொல்றதில்லே."

ஒரு ஊர் ஒரு அதிசயத்தை ஏற்றுக்கொள்வதற்கு அதிக நாள் ஆகாது. அந்த அதிசயம் தன்னைப் புகழ்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். நல்லாற்றூர் அன்று மாலைக் காப்பிக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டது. மாதர் சங்கத்தார் செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் சந்தனச் சீப்பும் கொண்டுவந்தார்கள், சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் வைக்க வேண்டும் என்று ஒரு கட்சியும், ஜலதோஷம் பிடிக்கும், வேண்டாம் என்று ஒரு கட்சியும் உண்டாயின. ஐயரை உயிரோடு இருந்தபோது கோயில் திருவிழாவில் கடைசி நாள் கச்சேரிக்குத் தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் தாத்தாதான் அவரை முதலில் கண்டெடுத்தார் என்று பேட்டி கொடுத்தார்கள். பிள்ளைகளை மிருதங்க வகுப்புக்கு அனுப்பியிருந்த பெற்றோர் வீட்டு மிருதங்கங்களை எடுத்துத் தடவிப் பார்த்தார்கள், ஒன்றிலும் ஒரு மயிர்கூட இல்லை என்று கண்டு, சாதகம் போதாது என்று பிள்ளைகளை அடித்தார்கள். அக்கம்பக்கத்து ஊர் ஒன்றில் பழைய பிடிலுக்கு மீசை முளைத்திருப்பதாகச் செய்தி வந்தது, போய்ப் பார்த்தபோது அது கோந்தில் ஒட்டிய தேங்காய் நார். நம் ஊர் முடி அசல் முடி என்று அதனால் நல்லாற்றூருக்கு இன்னும் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு நல்ல நாள் பார்த்து, வளர்ந்தவரைக்கும் உள்ள ரோமத்தைப் பின்பக்கமாகச் சீவி, பூணூல் நூலால் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குடுமியும் முடிந்தார்கள்.

கூட்டம் வரிசையில் நின்றது. செண்பகவல்லி ஒருநாள் வரிசையைப் பார்த்துச் சொல்லியேவிட்டாள்: "இது பசுங்க. யாரோ ஒருத்தர் வீட்டுப் பசு. கன்னு போட்ட பசுவா இருக்கும்."

வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல்: "பெரியவரை மாடுன்றாடா!"

"கொழுப்பைப் பாரு."

"எந்த ஊர் பொம்பளை இது?"

"திருநெல்வேலிப் பக்கமாம். அதான்."

இளவழகன் அவளை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஜாதி இல்லை, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நாற்காலியைத் திருப்பிக்கொள்கிற ஜாதி.

"மேடம், நீங்க கெமிஸ்ட்ரி. இது ஹிஸ்டரி. அதுல கை வைக்காதீங்க."

திறப்பு விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுத்தார். மகாவித்வான் அமைச்சர் முன்னிலையில் வாசிப்பார் என்று ஆராவமுதன் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒத்திகைக்காகக் கமிட்டி முழுவதும் வந்து மிருதங்கத்தின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தது. கலியுகவரதன் தாளம் போட்டுக் காத்திருந்தார். மிருதங்கம் வாய் திறக்கவில்லை. செண்பகவல்லி அந்தக் கூடத்துக்கு இரட்டைக் கதவும் சன்னல்களுக்கு நெருக்கமான வலையும் போட்டிருந்தாள், ஒரு பூச்சி உள்ளே வராமல் காப்பது அவள் வேலையில் பாதி.

"பெரியவருக்கு ஏதோ மனக்குறை," என்றார் ஆராவமுதன்.

"சன்மானம் பேசலேன்னு இருக்குமோ?"

வாசலில் நின்ற பவுனம்மாவுக்கு வீட்டுக்குப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. "ஈ வந்து குந்தினாத்தாங்க அது அசையும்," என்றாள் சலிப்பாக. "சும்மா எதுக்கு அசையும்?"

கமிட்டி அவளைத் திரும்பிப் பார்த்தது. நல்ல மனிதர்கள் நாலு பேர் அந்த இடத்தில் இருந்திருந்தால், அப்போது ஒரு வெட்கம் அந்தக் கூடத்துக்குள் வந்து நின்றிருக்கும். கமிட்டியில் பதினோரு பேர் இருந்தார்கள். இளவழகன் நிமிர்ந்து உட்கார்ந்தார், மீன்வளத் துறையில் இரை போட்டுப் பழகிய பழைய உற்சாகம் அவர் முகத்தில் திரும்பியது.

"எவ்வளவு ஈ வேணும்?"

"எவ்வளவு வேணுங்க?" என்றாள் பவுனம்மா. "எங்க வீட்ல ஆடு கட்டியிருக்கேன். வந்து பாருங்க, கூட்டமா மொய்க்கும்."

அவளுக்கு வேலையை நிரந்தரமாக்கித் தருவதாக அங்கேயே சொன்னார்கள். பல வருஷமாகத் தினக்கூலியில் கூட்டிக்கொண்டிருந்தவள். அன்றிலிருந்து அகலவாய்க் கண்ணாடிச் சீசாவில் மெல்லிய துணி கட்டி ஈ கொண்டுவந்தாள். மிருதங்கத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ரோமத்தின் மேல் வெல்லத்தண்ணீர் தெளித்து, ஈயைத் திறந்துவிட்டு மூடினார்கள். பூச்சி அண்டாமல் பொருளைக் காப்பதற்காகவே கட்டப்பட்ட பெட்டி, ஈயும் பொருளும் ஒன்றாய் அடைபட்ட பெட்டியாயிற்று. செண்பகவல்லி அந்தப் பெட்டியின் ரப்பர் விளிம்பைத் தன் கையாலேயே ஒட்டியிருந்தாள். ஒரு ஈகூடத் தப்பவில்லை.

தோல் சிலிர்த்தது. ஓரிடத்தில் சிலிர்த்து முடிப்பதற்குள் இன்னோரிடம், அது முடிப்பதற்குள் மூன்று இடம், வெல்லத்தில் ஒட்டிக்கொண்ட ரோமத்துக்கு நடுவே ஓய்வில்லாமல் வளையம் முழுக்கச் சுருங்கியும் விரிந்தும் துள்ளியது, தீம் தீம் தகதீம் என்று கூடம் நிறைந்தது. கலியுகவரதன் தொடையில் தாளம் போட்டார். "மிஸ்ர சாபு," என்று தாளத்துக்குப் பெயர் சொன்னார். கொஞ்ச நேரத்தில், "கண்டத்துக்கு மாறிட்டார், பார்த்தேளா, அண்ணாவைத் தவிர யாரால முடியும்!" என்றார். ஒலி எங்கே விழும் என்று அவர் கையை ஓங்கினாரோ அங்கே விழாமல் தள்ளி விழுந்தபோது, "அனாகதம்! அனாகதம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு ரசித்தார். ஈயின் பசிக்குக் கணக்கு எழுதிக்கொள்ள ஒரு பேராசிரியரும் பெருநகரத்திலிருந்து வந்தார், பிரணதார்த்தி ஐயரின் பிற்காலப் பாணி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்.

திறப்பு விழாவில் அமைச்சர் கண்ணாடிக்கு அருகே குனிந்து பார்த்தார். "ஈ இருக்கே?" என்றார்.

"தும்புரு, நாரதர் எல்லாரும் வந்திருக்கா," என்றார் ஆராவமுதன். அமைச்சர் ஈக்களையும் கும்பிட்டார்.

விழா நன்றாக நடந்ததால், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று நித்தியக் கச்சேரி வைப்பதென்றும், ஐப்பசி உற்சவத்துக்கு நாள் முழுக்க வாசிக்கவைப்பதென்றும் முடிவாயிற்று. ஈயை உட்காரவைத்துப் பார்க்க ஊர் ஊராக பஸ் வந்தது.

ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் பெட்டியைத் திறந்து, செத்த ஈக்களைத் தூரிகையால் கூட்டி, வெல்லப் பிசுக்கை ஈரப்பஞ்சால் துடைப்பது செண்பகவல்லிக்கு வந்த வேலை. துடைக்கும்போது ஒருநாள் வெள்ளைத் திட்டின் ஓரத்தில் ரோமம் உதிர்ந்து, அடியில் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். அவள் விரல் பட்டதும் அந்த இடம் சிலிர்க்கவில்லை, ஒடுங்கியது. அடுத்த கச்சேரியில் ஈக்கள் வேறெங்கும் போகாமல் அங்கேயே மொய்த்தன. கலியுகவரதனுக்கு அன்றைய தனி ஆவர்த்தனம் என்றும் இல்லாத உருக்கமாக இருந்தது.

அவள் இளவழகனிடம் போனாள்.

"சார், புண்ணாயிடுச்சு. ஈயை நிறுத்தணும்."

"எது புண்ணாச்சு?"

"தோல்."

"தோல்ல எப்படி மேடம் புண்ணு வரும்? மனுஷங்களுக்கு வரும்."

"அதுக்கு வலிக்குது சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். உண்மையான அக்கறையோடு முன்னால் சாய்ந்தார். "ஐப்பசி வரைக்கும் தாங்குமா?"

"தாங்காது. கிழியும்."

"கிழிஞ்சா என்ன? நீங்க இருக்கீங்களே." சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாராட்டுக்கூட இருந்தது. "தைச்சு ஒட்டி நிக்கவெச்சிட மாட்டீங்க? உங்க கைக்கு மேல கை இருக்கா இந்த மாநிலத்துல? அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கோம்."

அவள் தன் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். எத்தனையோ பேர் அவளை இந்த வேலையில் அவமானப்படுத்தியிருக்கிறார்கள், எதுவும் அவளைத் தொட்டதில்லை; இந்தப் பாராட்டு தொட்டது. ஆமாம், தைப்பாள். மீன் பசையும் மெல்லிய தாளும் வைத்து, வெளியே தெரியாமல், நாளைக்குத் திரும்ப எடுக்கக்கூடியபடி, கிழியக் கிழியத் தைப்பாள், அவள் தைக்கத் தைக்க அவர்கள் ஈயை விடுவார்கள். அவள் கை எவ்வளவு நல்ல கையோ அவ்வளவு நாள் அது வலிக்கும். இந்த ஊரில் அந்தப் பசுவுக்குத் தன்னைவிடப் பெரிய சத்துரு யாரும் இல்லை என்று செண்பகவல்லிக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு கையைக் கழுவினாள்.

மறுநாள் காலைக் கச்சேரி முடிந்து, கூட்டம் அன்னதானத்துக்குப் போயிருந்த மதியத்தில், பெட்டியைத் திறந்து மிருதங்கத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கித் தன் மேஜைக்குக் கொண்டுபோனாள். சன்னலைத் திறந்தாள். கத்தியை எடுத்தாள். முதலில் வாரின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், பழக்கம் அப்படி. எண்ணெய் குடித்து இறுகிப்போன முடிச்சு அசையவில்லை. அறுக்கத்தான் வேண்டியிருந்தது.

பவுனம்மா மாலைக் கச்சேரிக்கான சீசாவோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"அறுக்கறேன்."

பவுனம்மா மேஜையையும் கத்தியையும் பார்த்தாள். அவளுக்கு உடனே எல்லாம் புரிந்தது. "என் வேலை?" என்றாள்.

செண்பகவல்லி கத்தியை முதல் வாருக்கு அடியில் நுழைத்தாள்.

"பத்து நாள்ல ஆர்டர் வருதுன்னு சொல்லியிருக்காரு மேடம். நிரந்தரம். என் பொண்ணுக்கு அதை வெச்சுத்தான் பேசியிருக்கேன்."

"தெரியும் பவுனு."

"அது செத்த மாடு மேடம்." பவுனம்மா சீசாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எப்பவோ செத்த மாடு. நான் உசிரோட இருக்கேன். என்னைப் பார்த்தா உங்களுக்குத் தெரியலையா?"

இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கும் என்று படித்தவர்கள் நினைப்பார்கள். செண்பகவல்லியும் படித்தவள்தான், அவளிடம் இல்லை. அவள் முதல் வாரை அறுத்தாள். டப்பென்று ஒரு சத்தம், வாசிப்பு இல்லை, கட்டு அறும் சத்தம். பவுனம்மா சீசாவைத் தரையில் வைத்தாள், முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு இயக்குநர் அறையைப் பார்த்து நடந்தாள். அவள்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

செண்பகவல்லி ஒவ்வொரு வாராக, எதிரும் புதிருமாக அறுத்துக்கொண்டே போனாள். இழுப்புக் குறையக் குறைய வளையம் தளர்ந்தது. கடைசி வார் விட்டதும் வலந்தலைத் தோல் கட்டையின் வாயிலிருந்து தானாக நழுவி அவள் கைக்குள் வந்தது. இவ்வளவு லேசா என்று இருந்தது. பூணூல் நூலைக் கத்தரித்துக் குடுமியை அவிழ்த்தாள். ஒரு தட்டில் தண்ணீர் விட்டுத் தோலைக் கிடத்தினாள், வெல்லம் கரைந்தது, ஒட்டிக் கிடந்த ரோமம் பிரிந்து அலைந்து படிந்தது. தோல் ஒரு தடவை, ஓரத்திலிருந்து ஓரம்வரை, நீளமாகச் சிலிர்த்தது. அப்புறம் இல்லை.

இயக்குநரும் கமிட்டிக்காரர்களும் ஓடி வந்து சேர்ந்தபோது, ஒரு ஈ தட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, தோலின் மேல் ஏறி, வெள்ளைத் திட்டைக் கடந்து, அவசரமில்லாமல் மறுகரைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது. தோல் சும்மா இருந்தது. செண்பகவல்லி ஈயை ஓட்டவில்லை.

"பாவி! பெரியவரைக் கொன்னுட்டியே!" என்று ஆராவமுதன் கதறினார். கலியுகவரதன் தலைமுழுக வேண்டுமா வேண்டாமா என்று பஞ்சாங்கக்காரரைக் கேட்டு ஆள் அனுப்பினார். வேண்டும் என்று வந்தது. ஊரே ஆற்றில் இறங்கி முழுகியது, அன்று மாலை ஊர் ஒருவகையில் சுத்தமாகவும் இருந்தது.

துக்கம் ஒரு வாரம். பிறகு தோல் மாட்டுகிறவரைக் கூப்பிட்டு அதே கட்டைக்குப் புதுத் தோல் மாட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் கறுப்புத் துணி மறைவில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து, பழைய கச்சேரி ஒன்றின் பதிவை ஓடவிட்டார்கள். பழைய தோலிலிருந்து ரோமத்தை மழித்து எடுத்து, வெள்ளிச் சிமிழில் அடைத்து, 'மகாவித்வானின் திருமுடி' என்று பக்கத்தில் வைத்தார்கள். வரிசை குறையவில்லை. முன்னைவிடக் காலப்பிரமாணம் சுத்தமாக இருப்பதாகக் கலியுகவரதன் சொன்னார். அந்த வருஷம் அவருக்குப் பட்டம் கிடைத்தது, இளவழகனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கூட்டம் வந்தால் பொத்தானை அமுக்கவும் போனால் நிறுத்தவும் ஒரு ஆள் தேவைப்பட்டதால் பவுனம்மாவின் வேலையும் நிரந்தரமாயிற்று.

விசாரணையில் செண்பகவல்லியிடம், பாதுகாக்க வேண்டிய பொருளை ஏன் அழித்தீர்கள் என்று கேட்டார்கள். அது பொருளாக இருந்தவரை நான் பாதுகாத்தேன் என்றாள். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார்கள். இல்லை என்றாள்.

அவளை மேற்கே ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவுக்கு மாற்றினார்கள். செப்புக் காசுகளின் பச்சைக் களிம்பை நீக்கிக்கொண்டு அங்கே இரண்டு வருஷம் இருந்தாள். ஒரு மே மாதக் கடைசி வேலைநாளில் ஓய்வு பெற்றாள், யாரும் அவளுக்கு மாலை போடவில்லை, மூன்று மணி பஸ்ஸில் ஊருக்குப் போனாள்.